தெரிந்த பாடம்தானே என்கிறார்கள்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள வசந்தி,

பி.எட். பயிற்சிக்குப் போன பள்ளியில் ஆசிரியர்கள் சொன்னதாக நீ எழுதியது மனசை விட்டு இறங்கவில்லை. 'சமூகவியலில் நடத்த என்ன இருக்கிறது? சாதி, குடும்பம், கல்யாணம் எல்லாம் பிள்ளைகளுக்கே தெரியும். வரலாறு, புவியியலை முடித்துவிட்டு மிச்ச வகுப்பில் வாசித்துக் காட்டினால் போதும்.' அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பலர் வரலாறோ அரசியலோ படித்து வந்தவர்கள். நம் மாநிலப் பாடத்திட்டம்தான் எட்டாம் வகுப்பிலேயே சமூகவியலையும் அவர்கள் தலையில் கட்டிவிடுகிறது. ஆனால் 'தெரிந்ததுதானே' என்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் போய்த் தங்கினார். அவர் எழுத்தில் அது ராம்புரா. நால்வருண ஏணியில் மேல்படி யாருடையது என்பது ஊர் உலகத்துக்கே தெரியும். அங்கே பார்த்தால் ஊரை நடத்தியவர்கள் ஒக்கலிகர்கள்! நிலம் அவர்களிடம், தலைக்கட்டும் அவர்களுடையதே அதிகம், பிற சாதியார் வழக்கும் அவர்கள் முன்தான் வந்தது. 'ஆதிக்க சாதி' என்ற கருத்துக்கு அந்த ஊர்தான் பெரிய ஆதாரம். எல்லோருக்கும் தெரிந்தது என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போயிற்று. 1970இல் ஸ்டான்ஃபோர்டில் யாரோ வைத்த தீயில், தொகுத்து வைத்திருந்த குறிப்புகளின் மூன்று பிரதிகளும் எரிந்தன. மனிதர் சளைக்கவில்லை; நினைவிலிருந்தே எழுதினார். 1976இல் 'தி ரிமெம்பர்டு வில்லேஜ்' வந்தது. அந்த ஊர்க்காரரான குள்ளே கௌடர் வரும் பக்கங்களுக்காகவே அதை நான் திரும்பத் திரும்ப எடுப்பதுண்டு. சீனிவாஸ் 1999இல் இதே பெங்களூரில்தான் மறைந்தார். உன் பள்ளியில் எத்தனை ஆசிரியர்களுக்கு அந்தப் பெயர் தெரியும் என்று விசாரித்துப் பார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சாதியை எடுத்தால் பெற்றோர் வந்து நிற்பார்கள் என்று ஒரு மூத்த ஆசிரியை பயந்தாராமே. அதில் நியாயம் இருக்கிறது. ஒரு பிள்ளையை எழுப்பி 'உங்கள் வீட்டில் எப்படி?' என்று கேட்பது கொடுமை. பிள்ளையை விட்டுவிடு, இடத்தைப் பற்றிக் கேள். இங்கே பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனி லிஃப்ட். அந்த விதியை யார் போட்டார்கள்? என்ன காரணம் சொல்கிறார்கள்? கூரியர் பையன் எதில் ஏறுகிறான்? பத்தாம் வகுப்புச் சமூக அடுக்கமைவுப் பாடத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

உழைப்புப் பாடத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யார் யார் எவ்வளவு நேரம் வேலை செய்தார்கள் என்று குறித்து வரச் சொல். அப்பா பேப்பர் படித்ததைச் சேர்க்கலாமா என்று எவனாவது கேட்பான். சிரித்துவிட்டு நகராதே, எது வேலை என்று அவர்களையே வாதாட விடு.

தீண்டாமை தவறு, வரதட்சணை தவறு என்று கோரஸாகச் சொல்ல வைப்பது நீதிபோதனை வகுப்பு. அதற்கு வேறு பீரியட் இருக்கிறது. மாதிரிப் பாடத்தை எழுதி அனுப்பு. 'ஒழிக்க வேண்டும்' என்று முடிகிற வாக்கியங்களை எல்லாம் சிவப்பு மையில் அடித்துத்தான் திருப்புவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்