ஒரு தடவை கூப்பிட்டால் போதாதா?

போன மாத வகுப்பில் ஒரு தம்பி கேட்ட கேள்விதான் இந்த மாதப் பாடம். "அண்ணே, வீட்டுல இருக்கிற ஸ்மார்ட் ஸ்பீக்கரை ஒவ்வொரு கேள்விக்கும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கணுமா? ஒரு தடவை கூப்பிட்டா போதாதா?" நல்ல கேள்வி. போதும் என்பதுதான் பதில். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ரிங்கிட்டில் கொடுக்கும் விலை இல்லை.

முதலில், அந்தப் பெயர் எதற்கு? "அலெக்சா", "ஹே கூகள்", "சிரி" என்பவற்றை எழுப்பும் சொல் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பீக்கர் தூங்குவதே இல்லை. அதன் மைக் எப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் கேட்பதையெல்லாம் அனுப்புவதில்லை. உள்ளே இருக்கும் சின்னச் சில்லில் ஒரே ஒரு வேலை தெரிந்த ஒரு நிரல் ஓடுகிறது: கடைசிச் சில விநாடி ஓசையை நினைவில் வைத்துக்கொண்டு, அதில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் பழைய ஓசை அழிந்து புதியது வரும். இருக்கிறது என்று தோன்றினால்தான் விளக்கு எரியும், உங்கள் பேச்சு இணையம் வழியாக நிறுவனத்தின் கணினிக்குப் போகும். ஆக, அந்தப் பெயர்தான் வீட்டு வாசற்கதவின் தாழ்ப்பாள்.

"தோன்றினால்" என்று சொன்னதைக் கவனியுங்கள். நிரல் ஆம், இல்லை என்று சொல்வதில்லை. இத்தனை விழுக்காடு அந்தப் பெயர் போல இருக்கிறது என்றுதான் கணக்கிடும். கோட்டை எங்கே போடுவது என்பது பொறியாளர் முடிவு. கீழே போட்டால் கூப்பிடாமலே எழும். மேலே போட்டால் கத்தினாலும் எழாது. இரண்டையும் சேர்த்துக் குறைக்க வேண்டுமென்றால் நிரலையே மேம்படுத்த வேண்டும். கோட்டை மட்டும் நகர்த்தி முடியாது.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். 2018 மார்ச்சில் அமேசான் 'ஃபாலோ அப் மோட்' என்ற வசதியைக் கொண்டு வந்தது. ஒரு பதில் சொல்லி முடித்த பிறகு சுமார் 5 விநாடி மைக் திறந்தே இருக்கும். அதற்குள் அடுத்த கேள்வியைப் பெயர் இல்லாமலே கேட்கலாம். அதே ஆண்டு ஜூனில் கூகள் 'கன்டினியூட் கான்வெர்சேஷன்' கொடுத்தது. அதில் சுமார் 8 விநாடி. இரண்டையும் செயலியின் அமைப்புகளுக்குள் போய் நாமே தட்டிவிட வேண்டும். "தேங்க் யூ" என்று சொன்னால் உரையாடல் முடிந்தது என்று புரிந்துகொண்டு மூடிக்கொள்ளும். மரியாதை தெரிந்த இயந்திரம்!

2022இல் கூகள் இன்னும் ஒரு படி போனது. நெஸ்ட் ஹப் மேக்ஸ் என்ற திரையுள்ள கருவியை நேராகப் பார்த்துப் பேசினாலே போதும். கேமரா முகத்தை அடையாளம் கண்டுகொள்ளும். அலாரம் அடிக்கும்போது "ஸ்டாப்" என்று மட்டும் சொல்லி நிறுத்தும் வசதியும் கூகள் ஸ்பீக்கர்களில் உண்டு. எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது, ஏனென்றால் மைக் ஒரே ஒரு சொல்லுக்காக, தேவையான நேரத்தில் மட்டும் காத்திருக்கிறது.

சரி, விலை? 2018 மே மாதம் அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஒரு தம்பதியர் வீட்டில் பேசியது பதிவாகி, அவர்களுக்குத் தெரிந்த ஒருவருக்குப் போய்விட்டது. அமேசான் கொடுத்த விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். பேச்சில் "அலெக்சா" போல ஒரு சொல் வந்தது, கருவி எழுந்தது. பிறகு பேசியது "மெசேஜ் அனுப்பு" என்று அதற்குக் கேட்டது. "யாருக்கு?" என்று அதுவே கேட்டது. பின்னால் பேசிய பேச்சு ஒரு பெயராகக் கேட்டது. "சரியா?" என்றது. "சரி" என்று கேட்டது. எழுப்பும் சொல் ஒரே தடவைதான் தேவைப்பட்டது! கருவி நம்மைக் கேள்வி கேட்கும் ஒவ்வொரு முறையும் தாழ்ப்பாளைத் தானே திறந்துகொள்கிறது. இது ஃபாலோ அப் மோட் போடாத வீட்டிலும் நடக்கும்.

அதே போல, 2020இல் ஜெர்மனியின் போகும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவிகளைத் தவறாக எழுப்பும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்றொடர்களைக் கண்டுபிடித்தார்கள். "எலெக்‌ஷன்" என்ற சொல்லுக்கு அலெக்சா எழுந்ததாம். தேர்தல் காலத்தில் நம் வீட்டு அப்பாக்கள் பேசுவதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இனி எங்கள் வீட்டுக் கதை. ஜெராமில் என் பாட்டி எங்களோடு இருக்கிறார். வயதெல்லாம் தோட்டத்தில் உழைத்தவர். இனிப்பு நீரால் கண் பார்வை குறைந்துவிட்டது. சுவிட்சைத் தடவித் தேட வேண்டியிருக்கிறது. அதனால்தான் அவர் அறையில் ஸ்பீக்கரும் அதோடு இணைந்த விளக்கும் வைத்தோம். பகலில் எல்லாம் சரி. இரவில் பாத்ரூம் போக எழுந்து கூப்பிட்டால் விளக்கு எரியவில்லை. காரணம் தெரியுமா? படுக்கும்போது பாட்டி பல் செட்டைக் கழற்றி வைத்துவிடுவார். பல் இல்லாத வாயில் அந்தப் பெயர் வேறு பெயராகிவிடுகிறது. அந்த வயதில் இருட்டில் ஒரு தடவை விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மைக்கைத் திறந்து வைக்கும் வசதியைப் போடலாமா என்று பாட்டியிடமே கேட்டேன். அதைப் போட்டாலும் முதல் தடவை பெயர் சொல்லியே ஆக வேண்டும், இரவுச் சிக்கல் தீராது என்பதையும் சொன்னேன். பாட்டி முழுதும் கேட்டுவிட்டு, "நாலு பேரு வந்து போற வீடு. கடன் உடன் பேசுவோம், சம்பந்தம் பேசுவோம். நான் கூப்பிடாம அது காது கொடுக்கக் கூடாதுய்யா" என்றார். நான் நாலு செமஸ்டரில் படித்ததைப் பாட்டி ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

அதனால் வேறு வழி. கட்டிலுக்குக் கீழே, அசைவை உணரும் ஒரு சின்ன சென்சார். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பாட்டி காலைக் கீழே வைத்தால் விளக்கு எரியும், சிறிது நேரம் கழித்து அணையும். செயலியில் 'ரூட்டீன்' என்ற இடத்தில் இதை எழுதி வைக்கலாம். மருந்து நேரத்தையும் நினைவூட்டலாகப் போட்டாயிற்று. இதற்கெல்லாம் பெயரும் வேண்டாம், பேச்சும் வேண்டாம்.

உங்கள் வீட்டில் எழுப்பும் சொல்தான் தொல்லை என்றால், எக்கோ கருவிகளில் அதை மாற்றலாம். "எக்கோ" என்ற சொல் நம் பெரியவர்கள் வாயில் "அலெக்சா"வைவிடச் சுலபமாக வரும். சமையலறை போல, கை ஈரமாக இருக்கும் இடத்தில் தொடர் உரையாடல் வசதியைப் போடுங்கள். கூடத்திலும் படுக்கையறையிலும் வேண்டாம் என்பது என் கருத்து. போட்ட ஒரு வாரம் கழித்து, செயலியில் உள்ள குரல் பதிவு வரலாற்றைத் திறந்து பாருங்கள். கூப்பிடாமல் பதிவானது எத்தனை என்று எண்ணுங்கள். வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து அவர்களுக்கும் போட்டுக் காட்டுங்கள். வைத்திருப்பதா நிறுத்துவதா என்று அவர்களும் சொல்லட்டும்.