பாலம் விழுந்தால் சுரங்கம்தான் விடையா?

2024 மார்ச் 26, அதிகாலை. அமெரிக்காவின் பால்டிமோரில் மின்சாரம் இழந்து தடுமாறிய ‘டாலி’ என்ற சரக்குக் கப்பல், பட்டாப்ஸ்கோ ஆற்றின் மீதிருந்த பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியது. சில விநாடிகளில் பாலம் சரிந்தது. மேலே சாலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் மாண்டார்கள். “பாலத்துக்குப் பதில் சுரங்கப்பாதை போட்டிருக்கலாமே” என்ற பேச்சு அன்றே கிளம்பிவிட்டது. ஆதங்கம் நியாயமானது. ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டு வரும் சில நம்பிக்கைகளைச் சரிபார்த்தே ஆகவேண்டும்.

நம்பிக்கை: சுரங்கத்தை அன்று யாரும் யோசிக்கவில்லை.

அந்த இடத்தில் முதலில் திட்டமிட்டதே சுரங்கம்தான். 1970இல் ஒப்பந்தப்புள்ளிகளைத் திறந்தபோது, எதிர்பார்த்ததைவிடத் தொகை மிக அதிகமாக இருந்தது. திட்டம் பாலமாக மாறி, 1977இல் திறக்கப்பட்டது. பணம் மட்டுமே காரணம் அல்ல. சுரங்கத்தில் இரண்டு தடங்கள்தான் கிடைத்திருக்கும். பாலத்தில் நான்கு கிடைத்தன. இன்னொரு காரணத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தீப்பிடிக்கும், நச்சு கக்கும் சரக்குகளை ஏற்றிய லாரிகளைப் பால்டிமோரின் சுரங்கங்களுக்குள் விடுவதில்லை. 1949இல் நியூயார்க்கின் ஹாலந்து சுரங்கத்தில், கார்பன் டைசல்ஃபைடு ஏற்றி வந்த லாரி ஒன்று தீப்பிடித்து 66 பேர் பாதிக்கப்பட்டார்கள். மூடிய குழாய்க்குள் வெப்பமும் புகையும் போக வழியில்லை. தீயணைப்பு வீரரும் எளிதில் நெருங்க முடியாது. கீ பாலம் விழுந்த பிறகு, அத்தகைய லாரிகள் ஆற்றுக்கு அடியில் இரண்டு சுரங்கச் சாலைகள் இருந்தும் நகரத்தின் மேற்குப் பக்கமாக வட்டச்சாலையைச் சுற்றித்தான் போகின்றன. துறைமுக நகரத்துக்கு இது சிறிய சங்கடம் அல்ல. மாற்றாகப் பாலமே வேண்டும் என்று முடிவானதில் எனக்கு வியப்பில்லை.

நம்பிக்கை: சுரங்கம் ஆற்றைத் தொடாமல் அடியில் போய்விடும்.

மெட்ரோ ரயிலுக்குத் துளைப்பதுபோல ஆழத்தில் துளைத்தால் ஓரளவு சரி. பால்டிமோரின் இரண்டு சுரங்கங்களும் அப்படிக் கட்டப்பட்டவை அல்ல. ஆற்றுப்படுகையில் நீளமாகப் பள்ளம் தோண்டுவார்கள். வேறிடத்தில் செய்த ராட்சதக் குழாய்த் துண்டுகளை, இரு முனைகளையும் அடைத்து, மிதக்கவிட்டு இழுத்து வந்து பள்ளத்தில் இறக்குவார்கள். ஒன்றோடொன்று பொருத்தி மேலே மண்ணையும் கல்லையும் போட்டு மூடுவார்கள். தோண்டிய சேற்றை எங்கே கொட்டுவது, அதில் படிந்துள்ள தொழிற்சாலைக் கழிவை என்ன செய்வது என்பவை பெரிய கேள்விகள். சில தூண்களை மட்டும் ஊன்றும் பாலம் சில இடங்களில் ஆற்றுக்குக் குறைந்த தொல்லையே தரும்.

நம்பிக்கை: பாலம் சுருக்குவழி, சுரங்கம் நீள்வழி.

பெரிய கப்பல் வரும் ஆறுகளில் இது பெரும்பாலும் தலைகீழ். பழைய கீ பாலத்துக்கு அடியில் கப்பலுக்கு விட்ட உயரம் சுமார் 56 மீட்டர். புதிய பாலத்துக்குச் சுமார் 70 மீட்டர். அவ்வளவு உயரத்துக்கு லாரி மூச்சிரைக்காமல் ஏற, இரு கரைகளிலும் நீண்ட சரிவு வேண்டும். அதே ஆற்றில் 1985இல் திறந்த ஃபோர்ட் மெக்ஹென்றி சுரங்கத்தின் மிகத் தாழ்ந்த இடம், நீர்மட்டத்துக்கு முப்பது மீட்டருக்குச் சற்றே கூடுதலான ஆழத்தில்தான் இருக்கிறது. மெக்ஹென்றி என்ற அந்த வரலாற்றுக் கோட்டையின் பக்கத்தில் பாலம் எழுந்து நிற்கக் கூடாது என்று மக்கள் எதிர்த்ததால்தான் அங்கே சுரங்கம் வந்தது. செலவுக் கணக்கு மட்டும் முடிவெடுப்பதில்லை என்பதற்கு அதுவே சான்று.

நம்பிக்கை: நிலநடுக்கம் வந்தால் முதலில் போவது சுரங்கம்.

1989இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரம் குலுங்கியபோது, விரிகுடாப் பாலத்தின் மேல்தளத்தில் ஒரு பகுதி இடிந்து விழுந்து, ஒரு மாதம் போக்குவரத்து நின்றது. அதே விரிகுடாவின் அடியிலுள்ள குழாயில் மறுநாளே ரயில்கள் ஓடின. புதைந்த குழாய் சுற்றியுள்ள மண்ணோடு சேர்ந்து அசையும்; உயரே நிற்கும் பாலமோ தன் எடையாலேயே ஆடும். ஆனாலும் அதிர்ச்சியில் மணல் குழம்பாகிவிட்டால் குழாய் மேலே மிதந்து எழும் ஆபத்து உண்டு. அதனால்தான் அந்தக் குழாயையும் பிற்பாடு வலுப்படுத்தினார்கள்.

பால்டிமோரில் உயிர்களைக் காத்திருக்கக்கூடியது, தூணைச் சுற்றிப் போதுமான அரண். 2025 மார்ச்சில் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்னது இது: கப்பல் மோதும் ஆபத்தைக் கணக்கிட்டிருந்தால், ஏற்கத்தக்க வரம்பைவிட ஏறக்குறைய 30 மடங்கு அதிகம் என்பது முன்பே தெரிந்திருக்கும். கணக்கிடும் முறை பல ஆண்டுகளாகவே இருந்தது. கணக்கிட வேண்டும் என்ற கட்டாயம் புதிய பாலங்களுக்கு மட்டும் என்பதால், பழைய பாலம் விடுபட்டுப்போனது. அதே கணக்கைப் போடவேண்டிய 68 பாலங்களை 19 மாநிலங்களில் வாரியம் அடையாளம் காட்டியது. அவை அனைத்தையும் சுரங்கமாக்க யாராலும் முடியாது. தூண்களுக்கு அரண் கட்ட முடியும். அதை இன்றே தொடங்கலாம்.