முன்மாதிரியும் கூட்டுப்பணியும்

முன்னுரை

ஒரு பொருளின் உருவையும் பயன்பாட்டையும் கருதுபவர் வடிவமைப்பாளர். அதன் வலிமையையும் இயக்கத்தையும் கணிப்பவர் பொறியாளர். இருவரும் ஒரே வரைபடத்தை நோக்கினும் வெவ்வேறு பொருளைக் காண்பதுண்டு. அவர்களை ஒரே பொருளின்முன் நிறுத்துவது, தொட்டும் இயக்கியும் பார்க்கத்தக்க முன்மாதிரியாகும். மணலி ஆலைகளுக்கும் எண்ணூர்க் கழிமுகத்திற்கும் அண்மையில் வாழும் சடையங்குப்பத்து மாணவர்க்கு இவ்வுண்மையை நம் கடற்கரைப் படகே விளக்கும்.

கரையேறும் படகு

துறைமுகமற்ற கரையில் கட்டுமரம் அலைகளைக் கடந்து மணலில் ஏறும். அதன் கட்டைகளுக்கிடையே நீர் வடிந்துவிடும். பொறி பொருத்திய படகுக்கு இவ்வியல்பு எளிதில் வாய்ப்பதில்லை. அடிப்பகுதிக்குக் கீழே நீண்டிருக்கும் உந்துவிசிறியும் சுக்கானும் மணலில் மோதிச் சிதையும். அலைகளுக்கிடையே படகு கவிழின் மீன்பாடு மட்டுமன்றி உயிரும் போகும்.

உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. கிழக்குக் கடற்கரைக்கேற்ற கரையேறும் படகுகளை உருவாக்குவது அதன் பணிகளுள் ஒன்று. பல முன்மாதிரிகள் கட்டப்பட்டு, மீனவரின் துணையோடு கடலிலேயே சோதிக்கப்பட்டன. டீசல் பொறியை நீர்புகாப் பெட்டியில் வைத்து, தண்டும் விசிறியும் அதனோடு சேர்ந்து சாய்ந்து மேலெழுமாறு அமைத்த முறை அம்முயற்சியின் பயனாகும்.

இத்தீர்வில் இருவர் பணியையும் கோடு கிழித்துப் பிரித்தல் அரிது. பெட்டிக்கென விடும் திறப்பு, படகின் வலிமையையும் வலை வைக்கும் இடத்தையும் குறைக்கும். விசிறி உயரும் அளவோ அடிப்பகுதியின் வடிவைப் பொறுத்தது. படகைக் கரைக்கு இழுக்க எத்தனை பேர் வேண்டும் என்பதை மீனவரே கூறவல்லார்.

மாதிரியின் வகைகள்

முன்மாதிரி ஒவ்வொன்றும் ஒரு வினாவுக்கு விடை காண எழுவது. ஒட்டுப்பலகையால் உண்மை அளவில் செய்த பெட்டி, கைப்பிடி கைக்கெட்டுமா என்பதைக் காட்டும். அலையின் தாக்குதலைத் தாங்குமா என்பதைக் காட்டாது. சிறிய அளவு மாதிரி நீரில் மிதக்கும் நிலையைக் காட்டலாம். உள்ளே நின்று வலையிழுக்கும் மனிதரின் இடநெருக்கடியைக் காட்டாது. எனவே, எவ்வினாவுக்கு எம்மாதிரி என்பதை இருசாராரும் முன்னரே முடிவு செய்தல் வேண்டும்.

கண்ணாடியிழைப் படகுகளில் இதன் இன்றியமையாமை மேலும் புலப்படும். ஓர் அச்சிலிருந்து பல படகுகள் வார்த்தெடுக்கப்படுவதால், அச்சின் குறை அத்தனை படகுகளிலும் தொடரும். ஒரு முன்மாதிரியில் திருத்துவது எளிது. பல குடும்பங்களின் கடனில் வாங்கிய படகுகளில் திருத்துவது அரிது.

முடிவுரை

தொழிற்கல்வி பயிலும் மாணவர் செய்முறையில் மூன்றைக் கடைப்பிடிக்கலாம். செய்யுமுன் வினாவை எழுதுக. சோதனையின்போது பயன்படுத்துவோரையும் அழைத்துக் கொள்க. கண்ட குறையை உடனே வரைபடத்தில் திருத்துக. மாதிரி உடைவதைத் தோல்வியெனக் கருத வேண்டா. கடலில் உடையவிருந்தது கரையிலேயே உடைந்தது என்பதே அதன் பயன்.