கூப்பன் அரிசி கற்பித்த பாடம்

ஹேவாஹெட்டப் பகுதித் தோட்டங்களில் வாழும் முதியவர்களிடம் “கூப்பன்” என்று சொல்லிப் பாருங்கள். கொத்துக் கணக்கில் அரிசி வாங்கிய நாட்கள் உடனே அவர்கள் நினைவுக்கு வரும். இன்று உலகில் பேசப்படும் ‘அனைவருக்குமான அடிப்படை வருமானம்’ என்ற கருத்தை விளங்கிக்கொள்ள அந்தக் கூப்பனே நமக்கு நல்ல பாடநூல்.

அடிப்படை வருமானம் என்றால் என்ன? ஏழை, பணக்காரன், வேலையுள்ளவன், இல்லாதவன் என்ற வேறுபாடின்றி, நாட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் அரசு மாதந்தோறும் ஒரே அளவான தொகையை வழங்குவதாகும். 2020ஆம் ஆண்டு உயிர்ப்பு விழாவன்று மக்கள் இயக்கங்களுக்கு எழுதிய மடலில், உரிமைப் பாதுகாப்பற்ற தொழிலாளருக்காக இத்தகைய ஊதியத்தைப் பற்றிச் சிந்திக்கும் காலம் வந்துவிட்டது என மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் குறிப்பிட்டார்.

எல்லோருக்கும் கிடைத்த காலம்

இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், இலங்கையில் அரிசிப் பங்கீடு தொடங்கியது. அது பணமன்று, அரிசி. ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் கிடைத்தது. 1948இல் குடியுரிமை இழந்த தோட்ட மக்களுக்கும் கூப்பன் இருந்தது.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? தேயிலை, இறப்பர், தெங்குப் பொருள்கள் மீதான ஏற்றுமதி வரிகள் அக்காலத்தில் அரசின் முக்கிய வருமானம். ஆகவே, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர மலையிலும், சுற்றியுள்ள மலைகளிலும் கொழுந்து பறித்த கைகள், நாட்டின் சோற்றுப் பானைக்கும் பங்கு செலுத்தின. கூப்பன் அரிசி தோட்ட மக்களுக்கு யாரோ இட்ட பிச்சையன்று.

மக்கள் அதனை உரிமையாகவே கருதினர். 1953இல் ஒரு கொத்தின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்தது. அவ்வாண்டே பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். 1970களில் பங்கீடு குறைந்து உணவு அரிதானபோது, சொந்த வயலற்ற தோட்ட மக்களே மிகவும் வாடினர். 1974இல் லயங்களில் பட்டினியும் மரணமும் பெருகின.

தெரிந்தெடுத்துக் கொடுத்த காலம்

1978இல், மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கே பங்கீடு என்றாயிற்று. ஏறத்தாழ மக்களில் பாதிப்பேர் விலக்கப்பட்டனர். 1979இல் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. இதில் இரண்டு தீங்குகள் விளைந்தன.

முதலாவது, வருமானக் கணக்கு. கடைக்காரரும் சிறு வியாபாரியும் வருமானத்தைக் குறைத்துச் சொல்லலாம். தோட்டத் தொழிலாளியின் வருமானமோ செக்ரோலில் சதம் பிசகாமல் பதிந்திருக்கும். கணவன், மனைவி, பிள்ளை மூவரும் பேர் போட்டால், மூன்று சம்பளமும் சேர்ந்து எல்லையைத் தாண்டிவிடும். உண்மைக் கணக்கு உள்ளவனே வெளியே நின்றான்.

இரண்டாவது, விலைவாசி. ஒரு கொத்து அரிசி என்றும் ஒரு கொத்தே. முத்திரையிலோ ரூபாதான் எழுதப்பட்டிருந்தது. விலைகள் ஏறின, முத்திரையின் மதிப்பு ஏறவில்லை. சில ஆண்டுகளிலேயே அதன் வாங்கும் சக்தி பாதியளவுக்குத் தேய்ந்தது.

2023 ஜூலையில் தொடங்கிய ‘அஸ்வெசும’ திட்டமும் தெரிந்தெடுக்கும் முறையையே பின்பற்றியது. நான்கு வகுப்பினருக்கு மாதம் 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை என அது அறிவிக்கப்பட்டது. இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. ஏழையைத் தேடி அளப்பது அவ்வளவு எளிதன்று.

பணத்துக்கு வழி

“எல்லோருக்கும் கொடுக்க நாடு தாங்குமா?” என்பது நியாயமான கேள்வி. கணக்கிட்டுப் பார்ப்போம். ஏறத்தாழ 2 கோடி 20 இலட்சம் மக்களுக்கு ஆளுக்கு மாதம் 1,000 ரூபா கொடுத்தால், ஆண்டுக்கு 26,400 கோடி ரூபா வேண்டும். 2024இல் அரசின் வருமானம் சுமார் 4 இலட்சம் கோடி. அதில் இது நூற்றுக்கு ஏழுக்கும் குறைவு. சிறு தொகையன்று, ஆனால் எட்டாக்கனியுமன்று.

வசதியுள்ளவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? ஒரு கையால் கொடுத்து, மறு கையால் வருமான வரியாக மீளப் பெறலாம். ஏழையைத் தேடி விசாரிப்பதை விட, செல்வந்தரிடம் வரி அறவிடுவதே நேரிய வழி. ஆனால் இப்பணத்தைச் சீனி, மா, மண்ணெண்ணெய் மீதான வரியால் திரட்டினால், ஏழையின் பணமே ஏழைக்குத் திரும்பும். அதனால் பயனில்லை. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம், எண்ணெய் வளத்தால் திரட்டிய நிதியிலிருந்து 1982 முதல் மக்களுக்கு ஆண்டுதோறும் பங்கு வழங்குகிறது. நிலத்தின் செல்வம் அங்கு வாழ்வோருக்கும் உரியது என்பதே அதன் அடிப்படை.

“சும்மா கொடுத்தால் சோம்பேறியாவார்கள்” என்போரும் உளர். கூப்பன் அரிசி கிடைத்த காலமெல்லாம் பிரட்டுக்குப் போகாமல் நம் மக்கள் வீட்டில் இருந்தார்களா? மேலும், 1,000 ரூபா 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்துக்கும் குறைவு. இது சம்பளத்துக்கு மாற்றாகாது. இதைக் காட்டிச் சம்பள உயர்வை மறுக்கவும் இடங்கொடுக்கலாகாது.

ஆகவே நாம் கற்கும் பாடம் மூன்று. கொடுப்பது எல்லோரையும் எட்ட வேண்டும். விலைவாசியோடு அதுவும் உயர வேண்டும். அதற்கான பணம் இயன்றவரிடமிருந்து வரவேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும், செக்ரோலில் பெயருள்ள ஏழையே மீண்டும் வாசலில் நிற்பான்.

கலந்துரையாட:

1. உங்கள் லயத்தில் உதவி தேவைப்பட்டும் பட்டியலில் இடம்பெறாதோர் யார்? காரணம் என்ன?

2. எல்லோருக்கும் கொடுப்பதா, ஏழைக்கு மட்டும் கூடுதலாகக் கொடுப்பதா? உங்கள் கருத்து என்ன?

3. அரிசியாகக் கொடுப்பதில் உள்ள நன்மை என்ன? பணமாகக் கொடுப்பதில் உள்ள நன்மை என்ன?