இரண்டு ஆன்டெனா, இரண்டு கெயின்

வயர்லெஸ் ரிசீவர் டீமில் புதிதாகச் சேர்ந்தால், சிக்னலுக்கு ஏற்ப கெயினைத் தானாக மாற்றும் ஏஜிசி வேலை சீக்கிரமே உங்கள் தலையில் விழும். "சின்ன லூப்தானே" என்பார்கள். நம்பாதீர்கள்.

ரூட்டருக்குப் பக்கத்தில் மைனஸ் 30 டிபிஎம்மாக இருக்கும் வைஃபை சிக்னல், இரண்டு சுவர் தாண்டினால் மைனஸ் 80க்கு இறங்கிவிடும். ஏடிசியில் ஒரு பிட்டுக்குக் கிடைப்பதோ சுமார் 6 டெசிபெல். கெயின் கூடினால் அலையின் தலை வெட்டுப்படும். குறைந்தால் குவான்டைசேஷன் இரைச்சலில் சிக்னல் முங்கிவிடும். இதைச் சரிசெய்ய பாக்கெட்டின் தொடக்கத்தில் கிடைப்பது 8 மைக்ரோ செகண்ட். பாக்கெட் வந்திருப்பதைக் கண்டுபிடிப்பதும் அதற்குள்ளேயே நடந்தாக வேண்டும். 802.11என் மைமோ பகுதிக்கு முன்னால் மறுபடி கெயினைத் திருத்திக்கொள்ள இன்னொரு 4 மைக்ரோ செகண்ட் தருகிறது.

இன்டர்வியூவில் கேட்கத் தகுந்த கேள்வி: எல்லா ஆன்டெனாவுக்கும் ஒரே கெயினா, தனித்தனியா? ஒரே கெயின் என்றால் பலமான ஆன்டெனா வைத்ததுதான் சட்டம். பலவீனமானது ஏடிசியின் அடிமட்ட பிட்டுகளில் கிடந்து தவிக்கும். தனித்தனி என்று சொல்லிவிட்டு நிறுத்தினாலும் பாதி மதிப்பெண்தான்.

மீதிப் பாதியை நான் கற்றது முதல் வேலையில், மூன்று நாள் தூக்கம் கெட்டு. இரண்டாவது ஆன்டெனாவின் கேபிளில் 20 டெசிபெல் அட்டென்யுவேட்டர் மாட்டியிருந்தோம். ஏஜிசி அந்தச் சிக்னலைத் தூக்கி முதலாவதற்குச் சமமாக நிறுத்தியது. கூடவே இரைச்சலும் 20 டெசிபெல் ஏறியது. இரண்டு ஆன்டெனாவின் சிக்னலையும் சேர்க்கும் காம்பைனருக்கு அது தெரியாது. இரண்டையும் சரிபாதி நம்பிக் கூட்டியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நல்ல ஆன்டெனா தனியாகத் தருவதைவிட எஸ்என்ஆர் ஏறக்குறைய 14 டெசிபெல் மோசம்! கெட்ட போர்ட்டைக் கழற்றி 50 ஓம் டெர்மினேட்டர் மாட்டி, அதை காம்பைனரிலிருந்தும் விலக்கினேன். பாக்கெட் பிழை சட்டென்று இறங்கியது. அப்போதுதான் பொறி தட்டியது.

ஆகவே ஒவ்வொரு பாக்கெட்டோடும் ஒவ்வொரு ஆன்டெனாவின் கெயின் இண்டெக்ஸையும் லாகில் எழுதுங்கள்; அதிலிருந்து இரைச்சல் அளவைக் கணக்கிட்டு காம்பைனருக்குக் கொடுங்கள். பழக ஏடி9361 சிப் உள்ள போர்டு போதும்: இரண்டு ரிசீவர், 12 பிட் ஏடிசி, மெதுவாகவும் வேகமாகவும் வேலை செய்யும் ஏஜிசி முறைகள். முதலில் மேனுவலில் வைத்து, கெயினை ஒவ்வொரு படியாக நகர்த்தி, இரண்டு சேனலுக்கும் இடையிலான ஃபேஸ் எவ்வளவு மாறுகிறது என்று குறித்துவையுங்கள். சிக்னல் வரும் திசையைக் கண்டுபிடிக்கும் வேலை பிறகு வந்தால், அந்த அட்டவணையைத்தான் முதலில் கேட்பார்கள்.