கணிப்பொறியிற் படியும் தூசும் அதனைச் சிறு செலவிற் போக்கும் முறையும்

புத்தக அலமாரியிற் படிந்த தூசு கண்ணுக்குத் தோன்றுதலின் அதனை உடனே தட்டுகின்றோம். கணிப்பொறியின் பெட்டியுள்ளே படிவதோ மறைந்து கிடத்தலின் ஆண்டுக்கணக்காக நம் நினைவுக்கு வருவதில்லை. நம் விடுதி அன்பர் பலர், பிறர் ஆண்டு கழித்த பழம்பொறிகளையே குறைந்த விலைக்குக் கொண்டு வைத்துள்ளனர். ஆராய்ச்சிக் கட்டுரை முழுதும் அதனுள் இருக்க, தேர்வுக்கு முந்திய வாரத்தில் அது திடீரென அணைந்து போமாயின் அவர் செய்வது யாது? புதிதொன்று வாங்கப் பொருளில்லை. பழுது பார்ப்போர்க்குக் கூலி கொடுத்தலும் எளிதன்று. ஆகலின், ஓரிரு நாழிகைப் பொழுதில் நாமே செய்துகொள்ளத்தக்க துப்புரவு முறையை ஈண்டு ஆராய்வாம். தமிழ் பயில்வார்க்கு இஃது எற்றுக்கு என நகைப்பாரும் உளர். ஏட்டுச் சுவடியைப் பூச்சி அரியாவண்ணம் எண்ணெய் பூசிக் காத்த மரபினர்க்கு, எழுத்தைத் தாங்கும் கருவியைக் காத்தல் புறம்பான தொழிலன்று.

முதற்கண் தூசு செய்யுந் தீங்கினைக் காண்போம். கணிப்பொறியின் மூளை போன்ற பிராஸஸர் இயங்குங்கால் மிக்க வெப்பம் உண்டாகும். அதன்மேல் அலுமினியத்தாலோ செம்பாலோ இயன்ற தகட்டுக் கொத்தொன்று பொருந்தியுள்ளது. வெப்பம் அத்தகடுகளில் ஏறி, விசிறி வீசுங் காற்றோடு வெளிச்செல்லும். பஞ்சிழை, தலைமயிர், சாலைப் புழுதி, வகுப்பறைச் சுண்ணக்கட்டித் தூள் ஆகியன தகடுகளின் இடுக்கிற் சிக்கிக் கம்பளம்போல் அடையுமாயின் காற்றுக்கு வழியில்லை. வெப்பம் 100 டிகிரி ஸென்டிகிரேடை அணுகுங்கால், பிராஸஸர்கள் பல தம்மைக் காத்தற்பொருட்டுத் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். மேலும் ஏறின் பொறி அணைந்துவிடும். ‘பொறிக்கு மூப்பு வந்தது’ என்று நாம் நொந்துகொள்ளும் மந்தம் பலகாலும் இத்தூசினால் வந்த மந்தமே.

வேண்டுங் கருவிகள் சிலவே. ஒரு திருப்புளி, 1 அங்குல அகலமுள்ள புதிய வர்ணத் தூரிகை, காமிராக் கண்ணாடியை ஊதுதற்குரிய ரப்பர் குண்டு, பஞ்சு சுற்றிய குச்சிகள், உலர்ந்த துணி. ரப்பர் குண்டு இல்லையேல் சைக்கிள் பம்பு போதும்.

பொறியை முறைப்படி அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கியபின், தொடக்கும் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் எஞ்சிய மின்சாரம் பெரும்பாலும் வடியும். பின்னர்த் தாழ்வாரத்திற்குக் கொண்டுபோய், மூக்கைத் துணியாற் கட்டிக்கொண்டு மூடியைக் கழற்றுக. உள்ளே கை வைக்குமுன் பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொடுதல் இன்றியமையாதது. நம் உடலிற் சேரும் நிலைமின்சாரம் ஏறக்குறைய 3,000 வோல்ட் ஆனாலன்றி நமக்குச் சுரீரெனத் தோன்றாது. நுண்ணிய உறுப்புக்களோ அதனினும் மிகக் குறைந்த அளவிலேயே கெடக்கூடும்.

மேலிருந்து கீழாகத் தூரிகையால் மெல்லத் தடவிக் குண்டினால் ஊதுக. விசிறியை ஊதுங்கால் அதனை ஒரு விரலால் தடுத்துப் பிடித்தல் வேண்டும். காற்றின் விசையாற் கட்டின்றிச் சுழலும் விசிறியின் அச்சு தேயும்; அன்றியும் அது சிறு டைனமோவாகி மின்சாரத்தைப் பின்னோக்கி அனுப்பவுங் கூடும். நினைவகப் பலகையின் பொன்னிற முனைகளை ஐஸோபுரோப்பைல் ஆல்கஹாலிற் சிறிது தோய்த்த பஞ்சினால் துடைத்து நன்கு உலரவிடுக. தகட்டுக் கொத்தை மட்டும் பெயர்த்தல் ஆகாது. பெயர்ப்பின் அடியிலுள்ள வெப்பப் பசையைப் புதிதாக இடநேரும். மின்வழங்கும் பெட்டியையும் திறவாதிருக்க. கம்பியைப் பிடுங்கிய பின்னரும் அதனுள் உள்ள கெப்பாஸிடர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். வெளியிலுள்ள துளைவழியே ஊதுதலே அமையும்.

வாயால் ஊதின் எச்சில் தெறிக்கும். வீட்டு வாக்குவம் கிளீனரின் குழல்முனை நிலைமின்சாரத்தைச் சேர்ப்பது. பங்க்சர் கடையின் காற்றெந்திரம் விசை மிக்கது. அதன் காற்றில் நீர்த்துளியும் எண்ணெயும் கலந்திருத்தல் உண்டு. கடையில் விற்கும் காற்றுக் குப்பி நன்றேயெனினும், விலை மிகுதி, விரைவிற் காலியாகும். அதனுள் இருப்பது காற்றன்று, திரவமாக்கிய வாயு. அவற்றுட் சில தீப்பற்றுவன. குப்பியைத் தலைகீழாக்கின் உறைகுளிருள்ள திரவமே பீச்சும்.

மடிக்கணிப்பொறி பற்றி ஒன்று. வெளித்துளைவழி ஊதுவார் பலர். அங்ஙனம் ஊதின், தகட்டுக்கும் விசிறிக்கும் இடையே திரண்ட தூசுப் படலம் மீண்டும் விசிறிக்குள்ளேயே தள்ளப்படும். காப்புறுதிக் காலம் கழிந்ததாயின், அடிமூடியைக் கழற்றி அப்படலத்தை இடுக்கியால் எடுத்துவிடுதலே சிறந்தது; கழற்றிய திருகாணிகள் நீளத்தில் வேறுபடுதலின், அவை இருந்த இடத்தைக் காகிதத்தில் வரைந்து அதன்மேல் வைத்துக்கொள்க.

பெட்டியைத் தரையில் வையாது அரை முழ உயரமுள்ள பலகைமேல் வைத்தாலே புழுதி பெரிதுங் குறையும். துணியுறை இடுவதாயின் பொறி அணைந்து ஆறிய பின்னரே இடுக. ஆடிக்காற்று ஓய்ந்தபின் ஒருமுறையும், தேர்வுக்கு ஒரு மாதம் முன்னர் ஒருமுறையும் துப்புரவு செய்தல் நம் ஊர்ப் புழுதிக்குப் போதும். அறைக்கு வெள்ளையடிக்கும் நாளில் மட்டும் பொறியை வேறிடத்திற்கு அகற்றிவிடுக.