தீனியில் குறைக்கலாம், ஊசியில் வேண்டாம்

கேள்வி: மாதச் சம்பளம் பதினெட்டாயிரம். வீட்டில் ஒரு நாட்டு நாய், ஒரு பூனை. பாக்கெட் தீனி கட்டுப்படியாகவில்லை. எதைக் குறைப்பது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பாக்கெட்டைத் தாராளமாகக் குறையுங்கள். நாய்க்குச் சோறு, அவித்த முட்டை, கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் இரைப்பை, எப்போதாவது ஈரல், கொஞ்சம் பூசணி அல்லது கேரட் போதும். உப்பு, காரம் வேண்டாம். வீட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து வைக்கவே வைக்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாய், பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த கோழி எலும்பும் ஆகாது. கூராக உடைந்து குடலைக் கிழித்துவிடும்.

பூனை விஷயம் வேறு. பாலும் சோறும் போட்டால் வளர்ந்துவிடும் என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள், பாவம் அந்த ஜீவன்! அதற்கு டாரின் என்ற சத்து அவசியம். அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. குறைந்தால் பார்வையும் இதயமும் கெடும். மத்தி மலிவாக வரும் நாளில் வாங்கி, அவித்து, முள்ளை எடுத்துக் கொடுங்கள். மற்ற நாளில் கோழி. வீட்டுச் சாப்பாட்டில் டாரின் போதுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தடுப்பூசியில் மட்டும் கை வைக்காதீர்கள். அரசு கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள். செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தையொட்டிப் பல ஊர்களில் இலவச முகாம் நடக்கும். இரண்டுக்கும் கருத்தடையும் செய்துவிடுங்கள். பூனை ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்றுப் போடும், அத்தனை குட்டிக்கும் நீங்கள்தான் தீனி போட வேண்டும்.

காய்ச்சல் என்று வீட்டிலிருக்கும் பாரசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரையிலேயே உயிர் போய்விடும்.